பலிபீடத்தை எதிர்த்து நின்ற பாக்கியரெட்டி வர்மா

பௌத்தம் தழுவிய நம்மவர் இல்லங்களுக்கு நாம் தம்மம் பேசச் செல்லுங்கால், ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரு வினா எழுகின்றது. பகவான் புத்தர் கொல்லாமையைப் போதித்தாரே, அவ்வாறாயின் பௌத்தன் புலால் உண்ணலாமா என்பதே அவ்வினா. இதனைக் கேட்போர் இருவகையினர். ஒருவகையினர் நம்மை எள்ளி நகையாடும்பொருட்டுக் கேட்பவர். மற்றவர், பஞ்சசீலம் ஏற்ற நாள்முதல் தம் அடுக்களையில் வேகும் குழம்பை நினைந்து மெய்யாகவே மனம் வருந்திக் கேட்பவர். முன்னவருக்கு விடை கூறுதல் எளிது. பின்னவருக்கு விடை கூறுதல் எளிதன்று.

வாதத்தால் தீராத ஐயங்கள் சில, ஒரு நல்ல மனிதரின் வரலாற்றால் தீரும். ஆதலின் இவ்விதழில், ஹைதராபாத் நகரில் தாழ்த்தப்பட்டோர் குடியிற் பிறந்து, ஊனும் கள்ளும் உயிர்ப்பலியும் விலக்குமாறு தம் மக்களிடையே ஊர்ஊராகச் சென்று பேசி, புத்தர் திருநாளையும் கொண்டாடிய ஒரு பெரியாரின் வாழ்வை எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவரே பாக்கியரெட்டி வர்மா. தெலுங்கு நாட்டில் அவர் பெயர் அறியாதார் அரியர். தமிழ் பௌத்தர்களாகிய நாமும் அவரை அறிதல் வேண்டும்.

பிறப்பும் பெயரும்

நிஜாம் ஆண்ட ஹைதராபாத்தில் 1888ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் அவர் பிறந்தார். மாதரி என்பது குடும்பப் பெயர். பெற்றோர் இட்ட பெயர் பாகய்யா. குலம், தெலுங்கு நாட்டில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மாலா குலம். அக்குலத்தாருக்கு ஊரின் ஓரத்தில் குடிசை, ஊராருக்குக் கூலியின்றி வெட்டி வேலை, பொதுக்கிணற்றில் நீர் எடுக்கத் தடை என்பனவே அந்நாளில் எழுதப்படாத சட்டமாக இருந்தன.

அக்குடும்பத்திற்குக் குருவாயிருந்த ஒருவர், பாகய்யா என்னும் பெயரைப் பாக்கியரெட்டி என மாற்றினார். ரெட்டி என்பது அரசன் எனப் பொருள்படும் பழைய தெலுங்குச் சொல்லினின்றும் வந்தது என்றும், இன்று தாழ்த்தப்பட்டோராய்க் கிடப்பவரே ஒருகாலத்தில் இந்நாட்டை ஆண்ட பூர்வகுடிகள் என்றும் அக்குரு விளக்கம் கூறினார். பெயர் மாற்றத்தால் பசி தீராது என்பது உண்மையே. ஆயினும், நீ பிறப்பால் இழிந்தவன் என்று காலை முதல் மாலை வரை கேட்டு வளரும் சிறுவனுக்கு, உன் முன்னோர் இழிந்தவரல்லர் என்று ஒரு குரல் சொல்லுமாயின், அச்சொல் அவன் முதுகெலும்பை நிமிர்த்திவிடும். பாக்கியரெட்டியாருக்கு அதுவே நேர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய குரல் அந்நாளில் எழுந்ததை நம் அன்பர்கள் அறிவர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அயோத்திதாசர், நாம் பூர்வ பௌத்தர் என்றார். அங்கே நாம் பூர்வகுடிகள் என்றனர். சொற்கள் வேறாயினும், கொடுத்த தைரியம் ஒன்றே.

இளமையில் வறுமை காரணமாக, நகரிலிருந்த ஒரு பாரிஸ்டர் இல்லத்தில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கே வேலையோடு படிப்பையும் கற்றார். கல்லூரி வாசலை மிதியாமலே, கேட்டும் படித்தும் பழகியும் அறிவைப் பெருக்கிக்கொண்டவர் அவர். தறியின் முன் நின்றவாறு எழுத்துக் கூட்டிப் படித்த நம்போன்றோருக்கு இச்செய்தி தனி இன்பம் தருவதாகும்.

தொண்டின் தொடக்கம்

1906இல், பதினெட்டாம் வயதில், ஜகன்மித்ர மண்டலி என்னும் சங்கத்தை அவர் தொடங்கினார். ஏட்டறிவு இல்லாத மக்களுக்குப் பிரசங்கத்தைவிடக் கதையே இனிக்கும் என்பதை உணர்ந்து, கதாகாலட்சேபம், பஜனை ஆகியவற்றின் வாயிலாக நற்கருத்துகளைப் பரப்பினார். மாலை வேளையில் வேலை முடிந்து வந்த கூலிமக்கள் விளக்கைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். கதையின் நடுவே கள்ளின் கேடும், பால்ய விவாகத்தின் தீமையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கடமையும் வந்து சேரும்.

1910 முதல் இசாமியா பஜார், லிங்கம்பள்ளி ஆகிய இடங்களில் பள்ளிகள் ஏற்பட்டன. உருது அரசாங்க மொழியாயிருந்த அந்நகரில், தம் பிள்ளைகள் தாய்மொழியாகிய தெலுங்கிலேயே கற்கட்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். பின்னாளில் அப்பள்ளிகள் இருபதுக்கு மேலாகப் பெருகின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அவற்றிற் பயின்றனர்.

1911இல் மண்டலி, மான்ய சங்கம் என்னும் பெயரால் விரிவடைந்தது. சிறு பெண்களைத் தெய்வத்தின் பெயரால் பொட்டுக்கட்டி ஊராருக்கு உடைமையாக்கும் ஜோகினி வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். கொள்ளைநோய்க் காலத்தில் உறவினரும் அஞ்சி ஓடியபோது, தொண்டர்களைத் திரட்டிப் பிணங்களை அடக்கம் செய்வித்தார். சிறு வழக்குகளைத் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ளப் பஞ்சாயத்துகளையும் ஒழுங்குபடுத்தினார். இவ்வாறு கல்வி, மதுவிலக்கு, பெண் மானம், நோயுற்றார்க்கு உதவி என்று பல இழைகள் சேர்ந்த பாவிலேதான், உணவுச் சீர்திருத்தம் என்னும் ஊடையும் நெய்யப்பட்டது. இதனை நாம் மறத்தல் கூடாது. இறைச்சியை மட்டும் விட்டுவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று அவர் ஒருநாளும் எண்ணியவரல்லர்.

பலியும் கடனும்

ஹைதராபாத்தில் ஆஷாட மாதம் வந்தால் போனாலு விழா நடைபெறும். பெண்கள் சோறும் பாலும் வெல்லமும் இட்ட பானையைத் தலைமீது சுமந்து மகாகாளி, மைசம்மா, போச்சம்மா முதலிய அம்மன்களுக்குப் படைப்பர். நம் நாட்டில் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதைப் போன்றதே இதுவும். அம்மை, வாந்திபேதி முதலிய நோய்கள் அம்மனின் சினத்தால் வருவன என்று எண்ணிய காலத்தில், அச்சினம் தணிய ஆடும் கோழியும் பலியாயின. சிற்றூர்களில் எருமைக்கிடாவும் வெட்டப்பட்டது.

இப்பலியில் தாழ்த்தப்பட்டோர் நிலை யாது? ஊர் முழுவதும் நலம்பெற நடக்கும் பலிக்கு வெட்டும் வேலை, இரத்தம் அள்ளும் வேலை, தோலுரிக்கும் வேலை, இறைச்சியைத் தூக்கும் வேலை என்பன பல ஊர்களில் இவர்கள் தலையிலேயே விழுந்தன. பலன் ஊருக்கு, பழி இவர்களுக்கு! எருமை தின்போர் என்று பலி முடிந்த மறுநாளே அவ்வூரார் இவர்களை இகழ்ந்தனர். தம் சொந்த நேர்த்திக்கடனுக்கோ ஏழைக் குடும்பம் வட்டிக்குப் பணம் வாங்கி ஆட்டுக்கிடா வாங்கும். விருந்து ஒருநாள், கடன் பல ஆண்டு. கள்ளும் உடன் வந்து சேரும்.

இந்நிலையில் 1913ஆம் ஆண்டளவில் ஹைதராபாத்தில் ஜீவரட்சா ஞானப் பிரசாரக மண்டலி என்னும் சங்கம் தோன்றியது. நீதிபதி ராய் பால்முகுந்தும், லால்ஜி மேக்ஜி என்னும் குஜராத்தி வணிகரும் அதற்கு முதல்வர்கள். உயிர்ப்பலியை நிறுத்துவதும் புலால் மறுத்தலைப் பரப்புவதும் அதன் நோக்கம். பாக்கியரெட்டியார் அச்சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். அவர் தம் வாழ்நாளில் ஆற்றிய சொற்பொழிவுகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை என்று வரலாறு எழுதியோர் கணக்கிடுகின்றனர். உயிர்ப்பலியும் கள்ளும் ஒழிய வேண்டும் என்பது அவற்றில் நீங்காத பொருளாயிருந்தது. செகந்தராபாத்தில் அரிகே இராமசாமி என்னும் மற்றொரு தலைவரும் ஊனும் கள்ளும் விலக்குமாறு தம் மக்களுக்குப் போதித்து வந்தார்.

பலியைக் கருணையினால் நிறுத்துவித்த செயல் நமக்குப் புதிதன்று. கூடதந்தன் என்னும் பிராமணன் எழுநூறு காளைகளையும் எழுநூறு ஆடுகளையும் பிற உயிர்களையும் வேள்வித் தூணிற் கட்டிவைத்து, வேள்வி செய்யும் முறையைப் பகவானிடமே கேட்க வந்தான். பகவான் அவனைச் சபிக்கவில்லை. உயிர் எதுவும் மாளாத வேள்வி ஒன்றுண்டு என்றும், தானமும் சீலமும் தியானமும் அதனினும் மேலான வேள்வி என்றும் படிப்படியாக எடுத்துரைத்தார். கேட்டவன் தானே சென்று கட்டுகளை அவிழ்த்துவிட்டான். பாக்கியரெட்டியாரின் வழியும் அத்தகையதே. அவர் கையில் தடியும் இல்லை, அதிகாரமும் இல்லை. சொல் ஒன்றே இருந்தது.

ஓர் ஐயமும் அதன் விடையும்

இங்கே ஓர் ஐயம் எழும். அது நம் இளைஞர்கள் நம்மிடம் நேரே கேட்கும் ஐயமாகும். புலால் மறுத்தல் உயர்ந்தோர் எனப்படுவோரின் வழக்கமன்றோ? அதனைத் தாழ்த்தப்பட்டோர் ஏற்பது, நம்மை இகழ்ந்தவரைப் போல நாமும் ஆகிவிட முயல்வதன்றோ? இறைச்சியால் இழிந்தோம் என்று அவர் சொல்லிய பொய்யை நாமே ஒப்புக்கொள்வதாகாதோ?

இவ்வையம் நியாயமானது. இதனை அலட்சியம் செய்வோர் நம்மவர் பட்ட அவமானத்தை அறியாதோர். நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில், பகலுணவு மணியடித்தவுடன் தூக்குப்பாத்திரங்கள் திறக்கும். ஒரே பஞ்சுத்தூசியை மூக்கில் இழுத்த தொழிலாளர், கருவாட்டு வாசனை எழுந்தவுடன் இரண்டு வரிசையாகப் பிரிவர். வாசனை ஒரு சாக்கு. பிரித்தது ஜாதி என்பதை யாவரும் அறிவர். இந்நாளிலும் பெருநகரங்களில், சைவ உணவினருக்கு மட்டுமே வீடு வாடகைக்கு என்னும் அறிவிப்பைக் காண்கின்றோம். அதன் உட்பொருள் நமக்குத் தெரியாததன்று.

பாக்கியரெட்டியாரும் இந்தச் சிக்கலின் நடுவிலேயே நின்றார். அவருடன் உழைத்த புலால் மறுப்பாளர் பலர் உயர்குலத்தார், செல்வர். 1913இல் ஆரிய சமாஜத்தார் அவர் தொண்டைப் பாராட்டி வர்மா என்னும் பட்டத்தை அளித்தனர். ஆயினும் அப்பட்டத்தால் அவர் இனத்தார்க்குக் கிணறு திறந்துவிடவில்லை. வாழ்நாளின் இறுதிவரை உரிமைக்காக அவர் வாதாட வேண்டியே இருந்தது. உணவை மாற்றினால் ஊரார் மதிப்பர் என்று நம்பி ஒருவன் உணவை மாற்றுவானாயின், அவன் ஏமாற்றமடைவான் என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆனால் அவர் அந்த மதிப்பை இரந்து நின்றவரல்லர். 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விஜயவாடாவில் பஞ்சமர் மாநாடு ஒன்று கூடியது. தலைமை வகிக்க அழைக்கப்பெற்றவர் இருபத்தொன்பது வயதினரான பாக்கியரெட்டியார். பஞ்சமர் என்னும் பெயரையே தாம் ஏற்பதற்கில்லை என்று அம்மேடையிலே கூறினார். நான்கு வருணத்துக்குக் கீழே ஐந்தாவது என்று நம்மை அடுக்கிய பெயர் அது. நாம் இந்நாட்டின் ஆதி மக்கள் என்பதே அவர் வாதம். மாநாடு தன் பெயரை ஆதி ஆந்திர மாநாடு என்று மாற்றிக்கொண்டது. ஐந்தாண்டு கழித்து, 1922இல், சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்னும் பெயர்களே அரசாங்க வழக்கிலும் இடம்பெற்றன.

ஊனை விலக்குக என்று தம் மக்களிடம் சொல்லிய அதே வாய்தான், நீங்கள் யாருக்கும் தாழ்ந்தவரல்லர் என்றும் சொல்லிற்று. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்போர்க்கு ஐயம் அகலும். தாழ்ந்தவன் உயர்வதற்காகச் செலுத்தும் கட்டணமாக அவர் உணவு நெறியைக் கூறியிருப்பின், பெயரைப் பற்றி அத்துணைப் பெரிய போர் தொடுத்திருக்க மாட்டார். மானமுள்ள மனிதன், தன் விருப்பத்தால், பிற உயிரிடம் காட்டும் இரக்கம் என்றே அதனை நாம் கொள்கின்றோம்.

புத்தர் திருநாள்

பாக்கியரெட்டியாரின் உள்ளம் பிரம்ம சமாஜத்தையும் ஆரிய சமாஜத்தையும் அறிந்தது. ஆயினும் அதனை ஈர்த்தவர்களுள் பகவான் புத்தர் தனியிடம் பெற்றவர். 1913இலேயே ஹைதராபாத்தில் அவர் புத்த ஜயந்தியைக் கொண்டாடினார். டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெறுவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. தம் மகனுக்குக் கௌதம் என்று பெயரிட்டார். 1937இல், வாழ்வின் மாலைப்பொழுதில், மீண்டும் புத்த ஜயந்தி நடத்தினார்.

புலாலைப் பற்றிப் பகவானின் நிலை யாது என்பதை இங்கே தெளிவாகக் கூறிவிடுதல் நலம். ஜீவகர் என்னும் மருத்துவர் இதுபற்றிக் கேட்டார். தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இருப்பின் அவ்வூனைப் பிக்கு ஏற்றல் ஆகாது என்றும், இம்மூன்றும் இல்லாவிடின் பிச்சையில் இட்டதை ஏற்கலாம் என்றும் பகவான் விடையிறுத்தார். தேவதத்தன், பிக்குகள் யாவரும் மீனும் ஊனும் அறவே விலக்கும்படி விதி செய்ய வேண்டும் என்றபோது, அவ்வாறு கட்டாயமாக்கப் பகவான் மறுத்தார். அதேவேளையில், கொல்லாமையை முதற்சீலமாக வைத்தார். இறைச்சி விற்றும் உயிர்களை விற்றும் பிழைப்பதை இல்லறத்தானுக்கு ஆகாத வாணிகம் என்றார். பின்வந்த மகாயானத்தாரின் லங்காவதார சூத்திரம் புலாலை முற்றிலும் விலக்குகின்றது. ஆகவே புலாலுண்பவன் பௌத்தனல்லன் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. புலாலைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம் என்று சொல்லவும் பௌத்தனுக்கு இடமில்லை.

நம் மணிமேகலைக் காவியம் இதனை இரு கதைகளால் விளக்கும். வேள்விக்கெனக் கட்டிய பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துச் சென்றான். அவனைப் பிடித்து அடித்தோர் முதலில் தூற்றியது அவன் செயலையன்று. அவன் பிறப்பையே தூற்றினர். இரக்கங்காட்டியவன் இழிகுலத்தான் என்றும், கொல்ல நின்றவர் உயர்குலத்தார் என்றும் ஆயிற்று! மற்றொன்று சாதுவன் கதை. நாகர் தலைவனுக்கு அறம் உரைத்த சாதுவன், உயிர்க்கொலையை விடுக என்றான். மூத்துத் தானே இறந்த விலங்கின் ஊனை மட்டும் அவர்க்கு விலக்கவில்லை. செத்த மாட்டை உண்டோர் என்று எக்குலத்தாரை உலகம் இகழ்ந்ததோ, அக்குலத்தார் அவ்வுணவில் ஓருயிரையும் கொன்றவரல்லர் என்பது இக்கதையால் நமக்கு விளங்கவில்லையா?

எனினும் செத்த மாட்டின் ஊனை நாம் விடவே வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் 1927இல் மகாத் மாநாட்டில் அறிவுறுத்தினார். அது ஊராரால் நம்மீது சுமத்தப்பட்ட இழிவாதலின், சுயமரியாதைக்காக அதனை விடச் சொன்னார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அவர் வகுத்தளித்த 22 உறுதிமொழிகளில், எல்லா உயிர்களிடத்தும் அன்பும் இரக்கமும் கொள்வேன் என்பது உண்டு. மது அருந்தேன் என்பது உண்டு. இறைச்சி உண்ணேன் என்பது இல்லை. கொல்லும் தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்துக் காட்டி, அஹிம்சையை விதியாக அன்றி நெறியாகக் கொள்ளுமாறு தம் நூலில் அவர் எழுதினார். விதி காலில் இடும் தளை போன்றது. நெறியோ கையில் ஏந்திய விளக்கு. அதனை ஏந்துபவன் தானே நடக்க வேண்டும்.

பிற்கால வாழ்வு

1920ஆம் ஆண்டுகளில் பாக்கியரெட்டியாரின் இயக்கம் ஆதி ஹிந்து சமூகத் தொண்டு சங்கம் என்னும் பெயரில் வளர்ந்தது. ஹிந்து என்பது இந்நாட்டார் என்னும் பொருளிலேயே அங்கே வழங்கியது. சாதர்காட் பகுதியில் ஆதி ஹிந்து பவனம் எழுந்தது. 1930ஆம் ஆண்டு செப்டம்பரில் லட்சுமணபுரியில் கூடிய அகில இந்திய ஆதி ஹிந்து மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். இலண்டன் வட்டமேஜை மாநாட்டில் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக டாக்டர் அம்பேத்கரை அம்மாநாடு ஆதரித்தது. 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்கில், ஹைதராபாத் சமஸ்தானத்தில் ஆதி ஹிந்து என்னும் பெயரே பதிவாகும்படி செய்தார். அவ்வாண்டிலேயே பாக்கியநகர் என்னும் பத்திரிகையையும் தொடங்கினார்.

1939ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது வயது ஐம்பது. ஒரு மனிதன் இளைப்பாற எண்ணும் வயதிற்குள், மூன்று தலைமுறைக்குப் போதுமான தொண்டைச் செய்து முடித்துவிட்டார்.

நமக்குரிய பாடம்

அவர் போதனை வென்றதா என்று கேட்கலாம். 2014ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, தெலங்கானாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் புலாலுண்போரே. ஹைதராபாத் என்றவுடன் பிரியாணியை நினையாதார் இலர். அந்நகரின் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போனாலு நாளில் ஆடும் கோழியும் இன்றும் வெட்டப்படுகின்றன. எண்ணிக்கையால் அளந்தால், பாக்கியரெட்டியார் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டத்தால் வெல்ல முயன்றோர் கதை என்ன ஆயிற்று? சென்னை மாகாணத்தில் 1950இல் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அது ஏட்டிலே உறங்கிற்று. 2003இல் தமிழக அரசு அதனைக் கண்டிப்பாக நிறைவேற்ற முற்பட்டபோது, எளிய மக்களின் குலதெய்வ வழிபாட்டில் அரசு தலையிடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. காவலருக்கு அஞ்சிக் கத்தியைக் கீழே வைத்தவன், காவலர் போனதும் மீண்டும் எடுப்பான். மனம் மாறி வைத்தவனே மீண்டும் எடுக்கமாட்டான். அத்தகையோர் சிலரேயாயினும், பாக்கியரெட்டியார் தேடியது அவர்களையே.

ஆகவே, மனம் வருந்தி நம்மைக் கேட்கும் சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்வது இது. கட்டாயத்தால் நம்மவர் உண்டதை மானத்திற்காக விட்டோம். அச்சத்தால் பலியிட்டதை அறிவினால் விட்டோம். இனி விருப்பத்தால் உண்பதை விடுவதாயின், கருணை ஒன்றினாலேயே விடுவோம். அண்டை வீட்டார் மதிக்க வேண்டும் என்று விடாதீர்கள், அம்மதிப்பு வாராது. உண்போரினும் உயர்ந்தோம் என்று காட்ட விடாதீர்கள்; ஜாதியை வாசல் வழியே விரட்டிவிட்டு அடுக்களை வழியே அழைத்துக்கொள்வதாகும் அது.

ஒரேநாளில் விடவேண்டும் என்பதும் இல்லை. தம் சமையற்கூடத்தில் நாள்தோறும் மாண்ட உயிர்களை அசோகச் சக்கரவர்த்தி இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைத்து, அவையும் இனிக் கொல்லப்படா என்று கல்லில் பொறித்தார். அக்கல்வெட்டு ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்தில் எர்ரகுடிப் பாறையில் இன்றும் உள்ளது. பேரரசரே படிப்படியாக விட்டாரெனில், கூலி வேலை செய்யும் நாம் படிப்படியாக விடுவதில் தவறென்ன? பௌர்ணமி உபோசத நாளில் தொடங்குங்கள். பின் மாதம் நான்கு நாளாக்குங்கள். துவரை, கொள்ளு, மொச்சை, வேர்க்கடலை, கேழ்வரகு, கீரை என்பன நம் பாட்டிமார் அறிந்த உணவுகளே. உழைக்கும் உடலுக்கு வலுவூட்டுவன.

ஒன்று மட்டும் நினைவிற்கொள்க. குழந்தைகள், கருவுற்ற தாய்மார், நோயாளிகள் ஆகியோரின் தட்டில் சத்து குறைத்தல் ஜீவகாருண்யமாகாது, அவர்களும் ஜீவன்களே. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை. பால் அருந்துவோர் பாலினின்றும் அதனைப் பெறலாம். பாலையும் விலக்கி வாழ விரும்பும் இக்கால இளைஞர், மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே உட்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவர் விட்டு மற்றவர் விடாதிருப்பின், அதன்பொருட்டுச் சண்டை வேண்டா. இரு குழம்பு ஒரே அடுப்பில் வேகலாம். இரு மனம் ஒரே வீட்டில் வெந்துகொண்டிருத்தல் ஆகாது. அன்போடு உண்பவனையும் அன்போடு விலக்குபவனையும் ஒரே பந்தியில் அமர்த்தும் இல்லமே பௌத்த இல்லம்.

1992ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரி நடுவே பகவான் புத்தரின் பெருஞ்சிலை நின்றுகொண்டிருக்கின்றது. அதனைக் காணச் செல்லும் நம் அன்பர்கள், சிலை எழுவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகரில் ஏழை மக்களைக் கூட்டிப் புத்தர் திருநாள் கொண்டாடிய பாக்கியரெட்டி வர்மாவையும் ஒருகணம் நினைவார்களாக. அவர் நினைவாகத் தத்தம் இல்லத்தில் ஓருயிரேனும் பிழைக்குமாயின், அவர் தொண்டு வீண்போகவில்லை.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! நமோ புத்தாய!